பின்பக்க பொதுப்பாதைக்கு எண்ட் டெரஸ் வீட்டுக்காரர் பூட்டு போட்டுட்டார், என்ன செய்யலாம்? (இங்கிலாந்து)

புதுவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் மிட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பழைய மிட் டெரஸ் வீடு வாங்கினோம். ஒரே வரிசையில ஆறு வீடு, எங்களோடது நடுவுல. எல்லா வீட்டு பின்பக்கத்துலயும், சமையக்கட்டு சுவரை ஒட்டி, வீலி பின் (சக்கரம் வச்ச குப்பைத்தொட்டி) ஒண்ணு தள்ளிட்டு போற அகலத்துக்கு ஒரு நடைபாதை ஓடுது, அது கடைசி எண்ட் டெரஸ் வீட்டை சுத்தி வளைஞ்சு ரோட்டுக்கு வந்து சேரும். வீடு பாக்க போனப்ப ஏஜென்ட் அந்த வழியாத்தான் எங்களை கூட்டிட்டு போய் கார்டனை காமிச்சார், அதனால அது எல்லாருக்கும் பொதுன்னுதான் நாங்க நினைச்சிட்டிருந்தோம்.

ஏப்ரல்ல அந்த எண்ட் வீட்டுக்காரர் பாதை ரோட்டை தொடுற இடத்துல ஆளு உயரத்துக்கு ஒரு மரக்கேட் போட்டு உள்பக்கமா தாழ்ப்பாள், அதுக்கு மேல ஒரு பூட்டு. போய் கேட்டா "இது என் இடம், டைட்டில் பிளான்ல (வீட்டுப் பதிவோட எல்லை மேப்) சிவப்பு கோட்டுக்குள்ள இருக்கு பாருங்க, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க இந்த வழிய யூஸ் பண்ணதே கிடையாது, அதனால உரிமையெல்லாம் எப்பவோ போயிடுச்சு"ன்னு சொல்றார். மரியாதையாத்தான் பேசினார், அதை சொல்லணும், ஆனா சாவி மட்டும் தரமாட்டேங்கிறார்.

எங்க வீட்டு முன்வாசல் நேரா பிளாட்பாரத்துல திறக்கும், முன்னாடி ஒரு அடி இடம் கூட இல்ல. இப்ப குப்பை எடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி பின்னை சமையக்கட்டு வழியா, சாப்பிடுற ரூம் வழியா, முன் ரூம் வழியா வெளிய உருட்டிட்டு வரோம். தரையில பழைய பெட்ஷீட் விரிச்சு அது மேலதான் உருட்டுறோம், ரெண்டு ரூமுக்கும் நடுவுல திருப்புற இடத்துல ரேடியேட்டர்ல இடிக்குது, கார்டன் குப்பை போடுற பின்னா இருந்தா அடியில தேங்கின தண்ணி சொட்டிக்கிட்டே வரும், அந்த வாடை மறுநாள் வரைக்கும் போகாது. அம்மா எங்க கூட இருக்காங்க, அவங்களுக்கு இதை பாக்கவே சங்கடமா இருக்கு. பின்னை வெளியவே விட்டு வச்சா கவுன்சில்ல இருந்து லெட்டர் வருது.

போலீஸ்ல கேட்டேன், இது சிவில் மேட்டர், நாங்க தலையிட மாட்டோம்னுட்டாங்க. எனக்கு தெரிய வேண்டியது: அவர் இடமாவே இருந்தாலும் பூட்டலாமா? பூட்டை நானே வெட்டிப் போடலாமா? சொலிசிட்டர் (வக்கீல்) கிட்ட போனா எவ்வளவு இழுக்கும்னு நினைச்சாலே பயமா இருக்கு. யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க.

---

அறுகம்புல் எழுதியது:

முதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடட்டும் சார். நிலம் யாரோடதுங்கிறது ஒரு கேள்வி, அதுல நடந்து போற பாத்தியதை யாருக்கு இருக்குங்கிறது வேற கேள்வி. அவர் சிவப்பு கோட்டை காட்டி முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கார். பாதை அவர் நிலமாவே இருக்கட்டும், பெரும்பாலான டெரஸ் வரிசைகள்ல அப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்கவங்க பின்பக்க துண்டு சொந்தம், ஆனா மத்தவங்க அது வழியா போய் வர உரிமை எல்லார் பத்திரத்துலயும் எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தா சொந்த நிலமா இருந்தாலும் அடைக்க முடியாது.

இந்த வீடுகள்ல ஏன் இப்படி ஒரு பாதை வச்சாங்கன்னு தெரிஞ்சா அவர் வாதம் எவ்வளவு பலவீனம்னு புரியும். 1875 பப்ளிக் ஹெல்த் ஆக்ட்டுக்கு அப்புறம் ஊருக்கு ஊர் கட்டட விதி கொண்டு வந்தாங்க, அப்ப கழிப்பறை கொல்லைப்பக்கம், அதை காலி பண்ணவும் சாம்பலை அள்ளவும் வீட்டுக்குள்ள வராம ஆள் வந்து போக வழி வேணும், கரி கொண்டு வந்து போடவும் வழி வேணும். அதுக்காகவே விட்ட பாதைதான் பல ஊர்கள்ல இது. குப்பையை முன் ரூம் வழியா கொண்டு போகக்கூடாதுன்னுதான் அன்னைக்கே யோசிச்சு வச்சாங்க, இன்னைக்கு நீங்க பெட்ஷீட் விரிச்சு உருட்டுறீங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு.

இன்னைக்கே செய்ய வேண்டியது, லேண்ட் ரெஜிஸ்ட்ரில (அரசாங்க நிலப் பதிவு ஆபீஸ்) உங்க வீட்டு டைட்டில் ரெஜிஸ்டரும் (சொந்தம், உரிமை விவரம் எழுதின பதிவேடு) டைட்டில் பிளானும் எடுங்க, அவர் வீட்டோடதையும் எடுங்க. யார் வேணும்னாலும் யாரோடதையும் எடுக்கலாம், அவருக்கு தெரிய வேண்டிய அவசியமில்ல. 2024 டிசம்பர்ல இருந்து ஒண்ணுக்கு 7 பவுண்டு, முன்னாடி 3 பவுண்டா இருந்துச்சு. ஆனா அரசாங்க சைட்ல மட்டும் எடுங்க, தேடினா மேல மேல வர்ற தனியார் சைட்டுங்க அதே பேப்பருக்கு பல மடங்கு வாங்குவாங்க.

உங்க ரெஜிஸ்டர்ல ஏ பிரிவு பாருங்க, வீட்டுக்கு சேர்ந்த உரிமைகள் அங்கதான் இருக்கும். அவர் ரெஜிஸ்டர்ல சி பிரிவு பாருங்க, அவர் நிலத்து மேல மத்தவங்களுக்கு இருக்கிற உரிமைகள் பெரும்பாலும் அங்க இருக்கும். "இன்ன வருஷத்து கன்வேயன்ஸ்ல (விற்பனைப் பத்திரத்துல) சொன்ன உரிமைகள், நகல் கோப்பில் உள்ளது"ன்னு மட்டும் போட்டிருந்தா அதோட விட்டுடாதீங்க, ஓசி2 ஃபார்ம் போட்டு அந்த பழைய பத்திரத்து நகலை வாங்குங்க, நிஜமான வாசகம் அதுலதான் இருக்கும். பிளான்ல பாதைக்கு பழுப்பு கலர் அடிச்சிருப்பாங்க பெரும்பாலும். இன்னொண்ணு, அந்த சிவப்பு கோடு தோராயமான எல்லைதான், ஊருக்குள்ள 1:1250 அளவு மேப்புல வரைஞ்சது, அதை வச்சு இஞ்சுக் கணக்குல சண்டை போட முடியாது.

"யூஸ் பண்ணல, அதனால போச்சு"ங்கிறது சட்டத்துல நிக்காது. பத்திரத்துல வந்த உரிமை சும்மா யூஸ் பண்ணாததால சாகாது, விட்டுக்கொடுக்குற எண்ணம் இருந்ததுன்னு காட்டணும். பென் வெர்சஸ் ஹார்டிஞ்ச்னு 1992ல ஒரு அப்பீல் கோர்ட் வழக்கு, 175 வருஷம் யாரும் நடக்காத பாதை, அதுக்கும் உரிமை போகலைன்னுதான் தீர்ப்பு. இது இங்கிலாந்து, வேல்ஸுக்கு, ஸ்காட்லாந்து சட்டம் தனி.

---

பனங்கிழங்கு எழுதியது:

தம்பி, பூட்டை வெட்டுற வேலைய மட்டும் செய்து போடாதேங்கோ. தன்ர பாதையில கிடக்கிற தடையை தானே அகற்றுற உரிமை எண்டு ஒண்டு சட்டத்தில இருக்குத்தான், ஆனா அதுக்கு கனக்க நிபந்தனை, கொஞ்சம் கூடிப்போனாலும் அந்தாள் பொலிசுக்கு அடிச்சு என்ர கேட்டை உடைச்சுப்போட்டாங்கள் எண்டு சொல்லும், பிறகு பாதைக் கதை அங்கால போயிடும், உடைச்ச கதைதான் மிஞ்சும். இப்ப நியாயம் உங்கட பக்கம் நிக்குது, அதை ஒரு நிமிசக் கோவத்தில குடுத்திடாதேங்கோ.

கேட் போட்டதே பிழை எண்டும் நினைக்காதேங்கோ. பாதையில கேட் போடலாம், சில இடத்தில பூட்டவும் செய்யலாம், ஆனா உரிமை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் சாவி குடுக்கவேணும், முந்தி மாதிரி வசதியா போய்வர ஏலுமா எண்டதுதான் கோட் பாக்கிற விசயம். சாவி தரமாட்டன் எண்டு நிக்கிறதுதான் பிழை.

நான் இருக்கிறது வடக்கில, எங்கட ஒழுங்கையிலயும் இந்தப் பிரச்சனை வந்தது. கடைசி வீட்டில ஒரு குடும்பம், இரவில கேட் பூட்டிப்போடுவினம், காலமை ஆறு மணி வேலைக்கு சைக்கிள் எடுக்கிற ஆக்கள் வெளிய வர ஏலாது. ரெண்டு பக்கமும் கடுதாசி எழுதி, முகம் பாத்து கதைக்கிறேல்லை எண்ட நிலைக்கு வந்திட்டுது. பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி, எல்லாருக்கும் மூத்தவ, நேர போய் அவையின்ர குசினியில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஏன் பூட்டுறியள் எண்டு கேட்டா. கள்ளப் பயம் எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சது. விசயம் அது இல்லை. கேட்டுக்கு நேர மேல அவையின்ர கைக்குழந்தை படுக்கிற அறை, விடிய வெள்ளன போற ஆக்கள் கேட்டை விட்டுட்டு போக அது காத்துக்கு டமார் எண்டு அடிக்கும், பிள்ளை எழும்பினா பிறகு படுக்காது. தாய்க்கு மாசக்கணக்கா நித்திரை இல்லை.

எல்லாருமா காசு போட்டு மெதுவா மூடுற ஒரு ஸ்பிரிங் பூட்டினம், கேட் வந்து முட்டுற கட்டையில ரப்பர் பட்டி ஒட்டினம், நம்பர் அமத்தி திறக்கிற பூட்டு ஒண்டு போட்டு நம்பரை வரிசையில இருக்கிற ஆக்களுக்கு மட்டும் குடுத்தது. இண்டைக்கும் அதுதான் கிடக்கு. உங்கட ஆளுக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதை அவற்ற வாயால சொல்ல வைக்கப் பாருங்கோ. சொலிசிட்டர்ட கடுதாசி முதல் போனா அந்தக் காரணத்தை நீங்கள் ஒருநாளும் அறிய மாட்டியள்.

---

எண்ட்டெரஸ் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது உங்க எண்ட் வீட்டுக்காரர் இல்ல, ஆனா எங்க வீடுதான் எங்க வரிசையில கடைசி, அஞ்சு வீட்டு பாதை எங்க கார்டன் வழியாத்தான் போகுது. புதுவீடு, உங்க பக்கம் நியாயம் இருக்கு, சாவி தராதது தப்பு, அதுல எனக்கு வேற கருத்து இல்ல. ஆனா கடைசி வீட்டுல இருந்து பாக்கிறவங்க நிலைமைய இங்க யாராவது சொல்லணும்ல.

சமையக்கட்டுல சிங்க் முன்னாடி நின்னா ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி ஆள் நடந்து போவாங்க. தெரிஞ்சவங்க போனா பரவால்ல, ஒரு தடவை பக்கத்துல ஒருத்தர் எக்ஸ்டென்ஷன் கட்டினப்ப பில்டர் ஆளுங்க காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் சிமெண்ட் வண்டி தள்ளிட்டு போனாங்க, ஸ்லாப் நாலு உடைஞ்சுது, கழுவி விட்ட சிமெண்ட் தண்ணி எங்க சாக்கடைக் குழாய்ல போய் கட்டிக்கிச்சு, கேட்டா "எங்களுக்கு வழி உரிமை இருக்கு"ன்னு பதில். இன்னொரு வீட்டுல பின்னை ரோடு முனைல, எங்க சுவர்ல சாத்தி வச்சிட்டு போயிடுவாங்க, அடுத்த வாரம் வரைக்கும் அங்கயே இருக்கும். கேட்டை திறந்து போட்டுட்டு போனதுல எங்க நாய் ரெண்டு தடவை ரோட்டுக்கு ஓடியிருக்கு.

வழி உரிமைன்னா போகவும் வரவும் மட்டும்தாங்க. அதுல பின் நிறுத்தி வைக்கிறதோ பைக் வைக்கிறதோ சாமான் அடுக்குறதோ எதுவும் சேராது. காலால நடந்து போக உரிமைன்னு எழுதியிருந்தா மோட்டார் பைக் ஓட்டிட்டு வரக்கூடாது. ரிப்பேர் விஷயமும் பல பேருக்கு தெரியுறதில்ல, பத்திரத்துல தனியா எழுதலைன்னா நிலத்துக்காரங்க பாதையை சரி பண்ணி வைக்கணும்னு கட்டாயமே இல்ல, யூஸ் பண்றவங்க வேணும்னா அவங்க செலவுல சரி பண்ணிக்கலாம். பல பத்திரத்துல செலவை பங்கு போட்டுக்கணும்னு எழுதியிருக்கும், அதையும் சேர்த்து படிங்க. நடக்க உரிமை கேக்கிறவங்க உடைஞ்ச ஸ்லாப்புக்கும் பங்கு தரேன்னு முதல்லயே சொன்னா, என் மாதிரி ஆளுங்க மனசு பாதி இறங்கிடும்.

---

மாடிப்படி எழுதியது:

நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க, எங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனா எங்க ரெஜிஸ்டர்ல பாதையை பத்தி ஒரு வரி கூட இல்ல, பழைய பத்திரமும் வாங்கி பாத்தாச்சு. எல்லாரும் ரொம்ப காலமா அந்த வழியாத்தான் போறோம், எங்களுக்கு முன்னாடி இருந்த பெரியவர் முப்பது வருஷமா போனாராம். இப்ப பின்பக்க வீட்டுல புதுசா வந்தவங்க போர்டு மாட்டப் போறோம்னு சொல்றாங்க. எழுத்துல இல்லைன்னா அவ்வளவுதானா?

---

குளிர்காலம் எழுதியது:

மாடிப்படி, அவ்வளவுதான் இல்ல, ஆனா உங்களுக்கு நேரம் ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா எங்க தெரு வழக்குக்கு பேப்பர் எல்லாம் சேர்த்து குடுத்தது நான்தான், அதுக்காக நிறைய படிக்க வேண்டியிருந்துச்சு.

20 வருஷம் தொடர்ந்து ஒரு வழியா போய் வந்திருந்தா அதுவே உரிமையா மாறும், 1832ல வந்த பிரிஸ்கிரிப்ஷன் ஆக்ட்னு ஒரு சட்டமே இருக்கு. 20 வருஷமும் நீங்களே இருந்திருக்கணும்னு இல்ல, உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க நடந்த காலமும் சேரும், பெரியவரோட முப்பது வருஷம் உங்களுக்கு சொத்து மாதிரி. ஆனா அந்த நடை எப்படிப்பட்டதுங்கிறதுல மூணு கண்டிஷன்: பலவந்தமா போயிருக்கக்கூடாது, ஒளிஞ்சு மறைஞ்சு போயிருக்கக்கூடாது, அனுமதி வாங்கிட்டும் போயிருக்கக்கூடாது. மூணாவதுலதான் நல்ல மனுஷங்க எல்லாம் மாட்டிக்கிறாங்க. மரியாதைக்குன்னு "உங்க இடத்து வழியா போய்க்கலாமா ப்ளீஸ்"னு ஒரு மெசேஜ் அனுப்புவாங்க, அவங்களும் தாராளமா "போய்க்கோங்க"ன்னு பதில் போடுவாங்க, அதோட அது அனுமதி ஆயிடும், அனுமதி குடுத்தவங்க நாளைக்கே அதை திருப்பி எடுத்துக்கலாம். ஏற்கனவே 20 வருஷம் முடிஞ்சிருந்தா கூட அந்த மெசேஜை எதிர்த்தரப்பு கோர்ட்ல தூக்கி காட்டும். அதனால எழுதும்போது அனுமதி கேட்டு எழுதவே எழுதாதீங்க, "நாங்க உரிமையோட யூஸ் பண்ற வழி"ன்னுதான் எழுதணும், குரல் மரியாதையா இருக்கலாம், வார்த்தை அப்படித்தான் இருக்கணும்.

போர்டு விஷயத்தை சாதாரணமா எடுத்துக்காதீங்க. 2016ல விண்டர்பர்ன் வெர்சஸ் பென்னட்னு ஒரு கேஸ், கீத்லிங்கிற ஊர்ல ஒரு கிளப்போட கார் பார்க்ல பக்கத்து மீன் சிப்ஸ் கடை ஆளுங்க வருஷக்கணக்கா வண்டி நிறுத்திட்டிருந்தாங்க, கிளப்காரங்க வழக்கும் போடல, சண்டையும் போடல, தனியார் இடம், கிளப் ஆளுங்களுக்கு மட்டும்னு தெளிவா போர்டு மட்டும் வச்சிருந்தாங்க, அதுவே எதிர்ப்பு தெரிவிச்சதா ஆயிடும்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு, கடைக்காரங்களுக்கு உரிமை கிடைக்கல. அவங்க போர்டு வச்சதும் நீங்க சும்மா இருந்தா உங்களுக்கும் சிக்கல்தான். அந்த 1832 சட்டப்படி, வழியை அடைச்சது தெரிஞ்சும் ஒரு வருஷம் பேசாம இருந்தா தொடர்ச்சி அறுந்து போச்சுன்னு வைப்பாங்க, அந்த சட்டத்துக்கு கேஸ் போடுறதுக்கு ஒட்டி முந்தின 20 வருஷம் வேணும், நடுவுல அறுந்தா போச்சு. அதனால எதிர்ப்பை எழுத்துல, தேதியோட, உடனே குடுங்க.

பெரியவர் எங்க இருக்கார்னு விசாரிச்சு அவர்கிட்ட எழுத்துல வாங்குங்க, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எதுக்காக, எத்தனை நாளைக்கு ஒரு தடவை போனார், யாராவது தடுத்தாங்களான்னு. லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு இதுக்குன்னே எஸ்டி4னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல குடுக்கணும். வயசானவங்க சாட்சின்னா தள்ளிப் போடவே கூடாது. பழைய போட்டோ எதுலயாவது பாதை தெரியுதான்னு பாருங்க, எங்க கேஸ்ல ஒரு வீட்டு பிறந்தநாள் போட்டோல கேக்குக்கு பின்னாடி திறந்த கேட்டும் அது வழியா சைக்கிள் தள்ளிட்டு வர்ற ஆளும் தெரிஞ்சுது, அதுதான் எங்க கைல இருந்த நல்ல ஆதாரமே.

இன்னொரு வழியும் பாருங்க. உங்க வரிசை முழுக்க ஒரு காலத்துல ஒரே வீட்டு ஓனர்கிட்ட இருந்து, அப்புறம் ஒவ்வொண்ணா வித்திருந்தா, விக்கிற சமயத்துல கண்ணுக்கு தெரியுற மாதிரி யூஸ்ல இருந்த பாதை எழுதாமலே கூட வந்துடும்னு ஒரு விதி இருக்கு, வீல்டன் வெர்சஸ் பரோஸ்னு 1879 வழக்குல இருந்து வந்தது. 1925 லா ஆஃப் பிராபர்ட்டி ஆக்ட் 62வது பிரிவும் இதுக்கு உதவும். இதெல்லாம் சொலிசிட்டர்தான் பாத்து சொல்லணும், ஆனா "எங்க வரிசை யார்கிட்ட இருந்து எப்ப பிரிஞ்சுது"ங்கிற விவரத்தை நீங்களே தேடி வச்சுட்டு போனா அவங்க நேரமும் உங்க காசும் மிச்சம்.

ரெஜிஸ்டர்ல ஏறாத உரிமைக்கு இன்னொரு ஆபத்து, அவங்க அந்த வீட்டை வித்து, வாங்குறவங்களுக்கு விஷயமும் தெரியாம, பாத்தா பாதைன்னும் தெரியாம, கடைசி ஒரு வருஷமா யாரும் நடக்காமலும் இருந்தா அது புது ஓனரை கட்டுப்படுத்தாம போயிடலாம். அதனால நடக்கிறதை நிறுத்தாதீங்க.

---

புதுவீடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அறுகம்புல் சொன்ன மாதிரியே ரெண்டு வீட்டோடதும் எடுத்தேன், ஓசி2 போட்டு பழைய பத்திரமும் வந்துடுச்சு. 1927 கன்வேயன்ஸ். பழுப்பு கலர் அடிச்ச நாலு அடி அகல பாதை வழியா, எல்லா நேரமும், கால்நடையா, தள்ளுவண்டியோடயோ இல்லாமலோ போய்வர எங்க வீட்டுக்கு உரிமை உண்டுன்னு தெளிவா எழுதியிருக்கு, பராமரிப்பு செலவுல நியாயமான பங்கு தரணும்னும் இருக்கு. அவரோட சி பிரிவுலயும் அதே 1927 பத்திரத்தை சொல்லியிருக்காங்க. படிச்சு முடிச்சதும் அம்மாகிட்ட தமிழ்ல விளக்கி சொன்னேன், அவங்க முகத்தை பாக்கணுமே.

ஆனா அதே பேப்பர்ல இன்னொண்ணு. அந்த பழுப்பு பட்டை எங்க வீட்டோட நிக்கல, எங்க கார்டனையும் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு வீட்டுக்கும் போகுது, அவங்களுக்கு எங்க இடத்து வழியா போக உரிமை. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க போட்ட ஷெட் ஒண்ணு இருக்கு, சிமெண்ட் தளத்து மேல. டேப் பிடிச்சு அளந்தேன், சமையக்கட்டு சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ரெண்டே கால் அடிதான் இருக்கு, நாலு அடி இருக்க வேண்டிய இடம். அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் எதுவும் கேட்டதில்ல, வாடகைக்கு இருக்கிறவங்க. இதை இப்ப கிளப்பாம நம்ம பாதைய மட்டும் கேக்கலாமா, இல்ல முதல்ல ஷெட்டை நகர்த்தணுமா?

---

எண்ட்டெரஸ் எழுதியது:

முதல்ல ஷெட்டை நகர்த்துங்க. அவரும் 7 பவுண்டு கட்டி உங்க பிளானை எடுக்கப் போறார், எடுத்தா அன்னைக்கே உங்க ஷெட்டை போட்டோ எடுப்பார், நானா இருந்தா அதைத்தான் செய்வேன். அதோட அந்த ரெண்டு வீட்டுல இருக்கிறவங்களும் குப்பைய வீட்டுக்குள்ளதான் உருட்டிட்டு இருக்காங்க, வாடகை ஆளுங்கங்கிறதால வாய் திறக்கல, அவ்வளவுதான்.

---

பனங்கிழங்கு எழுதியது:

ஓம், அவ சொல்லுறது சரி. அந்த ரெண்டு வீட்டுக்காரரோடையும் கதையுங்கோ தம்பி, வாடகைக்கு விட்ட ஓணர்மாரோடையும் கதையுங்கோ, நடுவில மற்ற வீட்டாக்களையும் சேருங்கோ. ஒரு ஆள் போய் நிண்டா அது ரெண்டு பேரின்ர சண்டை, நாலு வீடு சேந்து கையெழுத்து வைச்சு குடுத்தா அது வரிசையின்ர விசயம். ஷெட் எடுக்கேக்க சிமெண்ட் தளத்தையும் சேத்து எடுங்கோ, அரையடி உயரத்தில அது கிடந்தா பின் உருட்டேலாது.

---

அறுகம்புல் எழுதியது:

புதுவீடு, பத்திரம் இவ்வளவு தெளிவா இருக்கிறது உங்க அதிர்ஷ்டம், மாடிப்படிக்கு இருக்கிற அலைச்சல் உங்களுக்கு இல்ல. "தள்ளுவண்டியோட"ன்னு இருக்கிற ஒரு வார்த்தை போதும், வீலி பின்னுக்கு வேற வாதமே வேண்டாம். ஷெட் பத்தி மத்தவங்க சொன்னதேதான் நானும் சொல்வேன், நகர்த்தும்போது முன்னாடி ஒரு போட்டோ, நகர்த்தினதுக்கு அப்புறம் டேப் வச்சு நாலு அடி தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க.

காசு விஷயம் கேட்டிருந்தீங்க. உங்க ஹோம் இன்ஷூரன்ஸ்ல லீகல் எக்ஸ்பென்ஸஸ் கவர் (வழக்குச் செலவுக்கான காப்பீடு) இருக்கான்னு பாருங்க, பல பேருக்கு இருக்கிறதே தெரியாது. சொலிசிட்டர்கிட்ட செலவு பண்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு போன் பண்ணணும், நீங்களா பண்ணிட்டு பில்லை அனுப்பினா பெரும்பாலும் தரமாட்டாங்க, பாலிசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்த சண்டைக்கும் தரமாட்டாங்க, ஜெயிக்கிற வாய்ப்பு பாதிக்கு மேல இருக்குன்னு அவங்க வக்கீல் சொல்லணும், உங்க பத்திரத்துக்கு அது கஷ்டம் இல்ல. கோர்ட்டுக்கு போனா தோத்தவங்கதான் ஜெயிச்சவங்க செலவுலயும் பெரும்பகுதி கட்டணும்னு பொது விதி, அது உங்களுக்கும் பயம், அவருக்கும் பயம். வீடு விக்கும்போது விக்கிறவங்க நிரப்புற டிஏ6 ஃபார்ம்ல அக்கம்பக்கத்து தகராறு இருக்கான்னு ஒரு கேள்வி வரும், மறைச்சா வாங்கினவங்க கேஸ் போடலாம், அதுவும் ரெண்டு பேருக்கும் பொது. உங்களுக்கு வித்தவங்க அந்த ஃபார்ம்ல பாதையை பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பழைய ஃபைல்ல தேடிப் பாருங்க, அவங்களே அந்த வழியா போனதா எழுதியிருந்தா "யாரும் யூஸ் பண்ணல"ங்கிற பேச்சு அதோட முடியும்.

பேசிப் பாத்து முடியலைன்னா மீடியேஷன் (நடுவுல ஒருத்தரை வச்சு பேசித் தீர்க்கிறது) கேளுங்க, எழுத்துல கேளுங்க. 2023 நவம்பர்ல சர்ச்சில் வெர்சஸ் மெர்தர் டிட்வில்னு ஒரு தீர்ப்பு, பக்கத்து நிலத்துல இருந்து நாட்வீட் செடி பரவின தகராறுதான் அதுவும், கோர்ட்டுக்கு வெளிய பேசித் தீர்க்கப் பாருங்கன்னு ரெண்டு தரப்புக்கும் கோர்ட்டே உத்தரவு போடலாம்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. மீடியேஷனுக்கு வரமாட்டேன்னு காரணமில்லாம நிக்கிறவங்களுக்கு செலவு உத்தரவுல அடி விழலாம்.

லெட்டரை இப்படி எழுதுங்க, ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். 1927 பத்திரத்துல எங்க வீட்டுக்கு இந்த உரிமை இருக்கு, நகல் இணைச்சிருக்கோம், உங்க ரெஜிஸ்டர்லயும் இது ஏறியிருக்கு. கேட் இருக்கிறதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல, ஆனா பூட்டு இருக்கிறவரைக்கும் எங்க உரிமைய அது தடுக்குது, அதை நாங்க ஏத்துக்கல. வரிசையில இருக்கிற வீடுகளுக்கு நம்பர் பூட்டு போடலாம், அந்த செலவுலயும் பாதை பராமரிப்புலயும் எங்க பங்கை தர்றோம், எங்க பக்கத்து ஷெட்டை நாங்க நகர்த்தியாச்சு. 14 நாளைக்குள்ள பதில் வேணும். இவ்வளவுதான். பூட்டு பத்தின வாசகத்துல "தயவு செஞ்சு அனுமதிக்கவும்"னு எதுவும் வந்துடாம பாத்துக்கோங்க, குளிர்காலம் மாடிப்படிக்கு சொன்னது உங்க லெட்டருக்கும் பொருந்தும்.

கைல குடுத்தா வாங்கலைன்னு நாளைக்கு பேச்சு வரும், போஸ்ட்ல போடுங்க, கவுண்டர்ல சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் (போஸ்ட் பண்ணதுக்கு அத்தாட்சி) கேட்டா காசு வாங்காம குடுப்பாங்க, அதை லெட்டரோட நகல்ல ஸ்டேப்பிள் அடிச்சு வச்சுக்கோங்க.